ஆபீஸ் இல்லாத படம்

மெய்ப்புத் திருத்துபவரின் மச்சினன் எடுத்த படம் முதலில் போர்க்கதையாகத்தான் இருந்தது. குதிரை கிடைக்காததால் இரண்டு குடும்பங்களின் சண்டையாகச் சுருங்கியது. இரண்டாவது குடும்பமாக நடிக்க ஒப்புக்கொண்டவர்கள் கூண்டோடு வெளியூர் போய்விட்டதால், ஒரு மனிதன் தன்னோடு தானே போடும் சண்டை என்று ஆயிற்று. மச்சினன் கொஞ்சமும் கலங்கவில்லை. இல்லாததைத் தேடி அலைகிறவன் படம் எடுக்க மாட்டான், இருப்பதை உற்றுப் பார்க்கிறவன்தான் எடுப்பான் என்பது அவன் கொள்கை. இருந்தது ஒரு கேமரா, மூன்று ஞாயிற்றுக்கிழமை, அக்கா வீடு.

அவன் உற்றுப் பார்த்ததுதான் அக்கா புருஷனுக்கு வினையாக வந்தது.

அவர் முப்பது வருஷம் ஓர் அச்சகத்தில் அடுத்தவர் எழுத்தைச் சந்தேகப்பட்டே பிழைத்தவர். நான்கு மாதத்துக்கு முன் அச்சகம் அந்த வேலையையே எடுத்துவிட்டது. வீட்டில் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டதில் பொய் வளர்ந்து ஆளாகிவிட்டது. காலை எட்டரைக்குச் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்புவார், மாலை ஆறுக்கு அலுப்போடு திரும்புவார். இல்லாத மேலாளர் ஒருவருக்கு மூட்டுவலி வரவழைத்து, அவர் மகளுக்குக் கல்யாணம் முடித்து, போன மாதம் பேரனையும் பிறக்கவைத்திருந்தார். கணக்குப் பார்த்தால் கொஞ்சம் அவசரம்தான். மனைவி கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் பெரிய இடத்து விஷயம் என்று விட்டுவிட்டாள். வேலை போனதைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். அந்தப் பேரனைப் பொறுப்பாளா என்பதுதான் அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

இந்த நேரம் பார்த்து மச்சினன் வீட்டுக்குள் கேமராவோடு திரிந்தான். காலையில் எந்தப் பக்கமாகப் போவீர்கள் என்று கேட்டான். தேய்ந்த செருப்பைக் குனிந்து படம் பிடித்தான். ஒரு நாள் கையைப் பிடித்துத் திருப்பி, "முன்னெல்லாம் விரல்ல சிவப்பு மை ஒட்டியிருக்குமே மாமா?" என்றான். சோப்பை மாற்றிவிட்டதாகச் சொல்லிச் சமாளித்தார்.

சனிக்கிழமை மத்தியானம் கதைக் காகிதங்கள் மேசைமேல் கிடந்தன. எழுத்தைக் கண்டால் படிக்காமல் போகிற கண் அவருக்கு இல்லை. பதினாலாம் பக்கத்தில் தரை நழுவியது. கதாநாயகன் வேலை போனதை மறைத்து, டப்பாவோடு பஸ் நிலையத்துக்குப் போய், இரண்டாம் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். யார் சொன்னது? டீக்கடைக்காரரா? பெஞ்சுக்கு அடியில் படுக்கும் நாயைத் தவிர அவரைத் தெரிந்தவர் அங்கே யாருமில்லை. நாய்மேல் சந்தேகப்படலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தார். கடைசியில் காகிதத்தை எடுத்த கோணம் மாறாமல் வைத்துவிட்டு, எதுவும் நடக்காதவர் மாதிரி செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் படப்பிடிப்பு. கதாநாயகனாக நடித்த மருந்துக் கடைக்காரருக்கு வசனம் மனசில் நிற்காது என்பதால், அக்கா பக்கத்தில் நின்று காகிதத்தைப் பார்த்துப் படித்துக்கொடுத்தாள். பதினாலாம் பக்கத்தில் அவள் குரல் நின்றது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி: 'மதியம் இங்கே வெயில் அடிக்கும். மூன்றாம் பெஞ்சு என்க.'

தப்பைக் கண்டதும் முப்பது வருஷத்துக் கை தன் வேலையைப் பார்த்துவிட்டது. மூளைக்குத் தகவல் போகவில்லை.

"உங்க கையெழுத்துதானே?" என்றாள். "ஆபீஸ்ல இருக்கிற உங்களுக்கு, பஸ் ஸ்டாண்டுல எந்த பெஞ்சுல வெயில்னு எப்படிங்க தெரியும்?"

அவர் மச்சினன் பக்கம் திரும்பினார். "யாருடா உனக்குச் சொன்னது?"

"எதை மாமா?"

"எனக்கு வேலை போனதை."

மச்சினன் நிஜமாகவே விழித்தான். "எனக்கு யாரும் எதுவும் சொல்லலை மாமா. ஆபீஸ் காட்ட என்கிட்ட இடம் ஏது? அதான் கதையில அவன் வேலையைத் தூக்கிட்டேன். பஸ் ஸ்டாண்டுன்னா சும்மா எடுத்துக்கலாம்."

சொன்னானே தவிர, கண் கேமராவை விட்டு நகரவில்லை. அது ஓடிக்கொண்டிருந்தது. கிடைத்ததை விடுகிற வழக்கம் அவனுக்கு இல்லை.

"அதை அணைடா," என்றாள் அக்கா. அணைத்தான். அந்தப் படத்தில் அவன் கைவிட்ட ஒரே காட்சி அது.

மருந்துக் கடைக்காரர் கடையைத் திறக்கணும் என்று நழுவினார். மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டுப் புருஷனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளா?"

"நாலு மாசம்."

"மழை பெஞ்சா எங்க உக்காருவீங்க?"

"நாலாவது பெஞ்சுல. அங்க மட்டும் கூரை ஒழுகாது."

அவள் அவர் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். இத்தனை வருஷமும் அவர் அடுத்தவர் எழுத்தைப் பார்த்த பார்வை அது.

"நாளைக்கு நானும் வர்றேன்," என்றாள். "ஒழுகுதா இல்லையான்னு நான் பார்த்துக்கிறேன்."