புட்டிங் சாப்பிட்டவர்கள் உடனே தொடர்பு கொள்ளவும்

லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்களோடு போனில் பேசுவதுதான் என் வேலை. லிஃப்ட் பராமரிக்கிற சின்ன கம்பெனி. எங்கேயாவது நடுவழியில் நின்றுபோனால் உள்ளே இருப்பவர் பொத்தானை அழுத்துவார், மணி என் மேஜையில் அடிக்கும். "பதறாதீங்க. மூச்சை நிதானமா விடுங்க. ஆள் வந்துக்கிட்டே இருக்கார்" என்பேன். ஆள் அப்போதுதான் டீயை ஆற்றிக்கொண்டிருப்பார். அது வேறு விஷயம். பதமாகப் பொய் சொல்ல எனக்குத் தெரியும். அடுத்தவர் சொல்கிற பொய்தான் எனக்குப் பிடிபடாது என்பது அந்த வியாழக்கிழமை வரை எனக்கே தெரியாது.

அன்று காலை நான் சாமான் வாங்குகிற கடையிலிருந்து போனுக்குச் செய்தி வந்தது. நீங்கள் வாங்கிய உறைந்த பழக் கலவையில் மஞ்சள் காமாலை உண்டாக்கும் வைரஸ் இருக்கலாம் என்று சந்தேகம். பையைத் திருப்பித் தந்துவிடவும். பழத்தை வேகவைக்காமல் சாப்பிட்டவர்கள் இரண்டு வாரத்துக்குள் தடுப்பூசி போட்டுக்கொள்ளவும். கீழே கும்பிடு போடுகிற பொம்மை வேறு.

பையைத் திருப்பித் தரலாம், பழத்தை எப்படித் தருவது? அது ஞாயிற்றுக்கிழமையே புட்டிங்காகி, திங்கட்கிழமை ஆபீஸ்காரர்கள் வயிற்றுக்குள் போய்விட்டதே!

அது ஏதோ பொழுதுபோகாமல் செய்த புட்டிங்கும் இல்லை. எங்கள் தெருமுனையில் தையல்கடை இருந்த இடம் காலியாகியிருந்தது. வேலையை விட்டுவிட்டு அங்கே இனிப்புக்கடை போடவேண்டும் என்று எனக்கு ஆசை. வெள்ளிக்கிழமை பதில் சொல்வதாக இடத்துக்காரரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்கு முன்னால் நாலு பேர் வாயில் வைத்துப் பார்க்கட்டும் என்றுதான், அடியில் பொடித்த பிஸ்கட், நடுவில் க்ரீம், மேலே சிவப்பும் ஊதாவுமாகப் பழம் என்று அடுக்கடுக்காகச் செய்து எடுத்துப் போனேன்.

ஆபீஸில் ஆளாளுக்குத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். மேனேஜர் கிண்ணத்தோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, திரும்பி வந்து, "அமிர்தம்மா! நீங்க இங்க இருக்க வேண்டிய ஆளே இல்ல" என்றார். எந்நேரமும் சட்டைப்பையில் ஸ்பேனர் வைத்திருப்பதால் ஸ்பேனர் என்றே பெயராகிப்போன மெக்கானிக், "கடையைத் திறங்க, முதல் ஆளா நான் நிக்கறேன்" என்றான். பில் போடுகிற அக்கா, "பிள்ளைங்களுக்கும் கொஞ்சம் எடுத்துட்டுப் போறேன்டி" என்று டப்பாவில் போட்டுக்கொண்டாள். நான் தரையிலேயே நடக்கவில்லை.

வீட்டில்தான் விளங்கவில்லை. என் வீட்டுக்காரருக்குப் பால் சேராது, அதனால் அவர் கணக்கிலேயே இல்லை. இருப்பது மாமனார். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு டிக்கெட்டிலிருந்துதான், பரிசோதனையிலிருந்து இல்லை. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் சமையலில் உப்பு ஏறியிருக்கும், புளிப்பு இறங்கியிருக்கும், இல்லாவிட்டால் கரண்டி சரியில்லாமல் இருக்கும். புட்டிங்கை ஸ்பூன் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "ஏம்மா, முகத்துக்கு சவரம் பண்ற க்ரீமையா இதுல போட்ட?" என்றார்.

பல்லைக் கடித்துக்கொண்டு மிச்சத்தைப் பச்சை மூடி டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன். மறுநாள் சாயங்காலம் வந்து பார்த்தால், டப்பா கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பார்த்துப் பார்த்துச் செய்ததைச் சாக்கடையில் கொட்டிவிட்டாரே மனுஷன்! அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அன்றிலிருந்து அவரிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது அதெல்லாம் இருக்கட்டும், மூன்று உயிர் என் தலையில். முதலில் மேனேஜர் அறைக்குப் போனேன். அங்கே இரண்டு நாளாக எலி செத்த நாற்றம். எலி பிடிக்கிறவர் ஒருவர் அலமாரியை நகர்த்திவிட்டு, டார்ச் விளக்கோடு தரையில் படுத்துத் தேடிக்கொண்டிருந்தார்.

"சார், பதறாதீங்க. மூச்சை நிதானமா விடுங்க" என்று ஆரம்பித்தேன்.

"இந்த நாத்தத்துல மூச்சை எங்கம்மா விடறது?" என்றார் கைக்குட்டைக்குள்ளிருந்து.

விஷயத்தைச் சொன்னேன். வைரஸ் என்றதும் அவருக்கு வியர்க்கும் என்று நினைத்தேன். மனுஷன் முகம் மலர்ந்தது. "நான் சாப்பிடலையே!" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்திருக்க வேண்டும். "எனக்குச் சர்க்கரை இருக்கும்மா. உங்க மனசு கஷ்டப்படக் கூடாதேன்னு அப்படியே டிராயர்ல..." என்று இழுத்தவர் மேஜை டிராயரைத் திரும்பிப் பார்த்தார்.

எலி பிடிக்கிறவர் தரையிலிருந்து எழுந்து டிராயரை இழுத்தார். எலி கிடைத்துவிட்டது. ஊதா நிறத்தில், கிண்ணத்தோடு இருந்தது.

ஸ்பேனர் வெளியே வேலையில் இருந்தான். போன் போட்டேன். "ஐயோ, எனக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. பல்லு கூசும், ஜில்லுன்னு எதுவுமே தொடமாட்டேன். என் பங்கையும் பில் அக்கா டப்பாவுலதான் தட்டிவிட்டேன்" என்றான்.

"அப்ப முதல் ஆளா நிக்கறேன்னு சொன்னியேடா!"

"நிக்கறேன்னுதானே சொன்னேன், தின்றேன்னா சொன்னேன்?"

பில் அக்கா லீவில் இருந்தாள். இரண்டு பங்கு, அதுவும் குழந்தைகளுக்கு! உடனே போன் போட்டேன். "அக்கா, பிள்ளைங்க அதைச் சாப்பிட்டுச்சா?" என்றேன் எடுத்த எடுப்பில்.

"அதை ஏண்டி கேக்கறே? ரெண்டும் வாயில வைக்கவே மாட்டேன்னுடுச்சு. வீணாப் போகுதேன்னு பக்கத்து வீட்டு நாய்க்கு வச்சேன்."

"ஐயையோ, நாய்க்கு ஏதாவது..."

"அதுவும் மோந்து பாத்துட்டு எழுந்து போயிடுச்சு. நீ கவலைப்படாதே."

கவலை போய்விட்டது உண்மைதான். ஒரு ஜீவனுக்கும் ஆபத்து இல்லை. அதை நினைத்துச் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள், நாய்கூடவா என்று நெஞ்சுக்குள் ஒன்று குத்தியது. அமிர்தமாம்! வாய் கூசாமல் சொன்னார்களே! இவர்களை நம்பி நாளைக்கு வேலையை விட இருந்தேனே. இடத்துக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியதுதான். கழிவறையில் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்துவிட்டு ஒரு மூச்சு அழுதேன்.

அப்புறம்தான் மாமா நினைவு வந்தது. ஸ்பூன் நுனி என்றாலும் வயசானவர். வீட்டுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லி, "நாக்குல பட்டதுக்கு ஊசி தேவையான்னு ஒரு வார்த்தை கேட்டுடலாம், சாயங்காலம் கிளம்பியிருங்க மாமா" என்றேன். வழக்கமாக ஆஸ்பத்திரி என்றால் வீட்டையே இரண்டாக்குகிறவர், "சரி" என்றார். போய்ப் பார்த்தால், தேய்த்த சட்டை போட்டுச் செருப்பையும் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள். "எவ்வளவு சாப்பிட்டீங்க ஐயா?"

"ஸ்பூன் நுனியில..." என்று நான் முந்திக்கொண்டேன்.

"நீங்க இருங்க. ஐயா சொல்லட்டும்."

மாமா கூரையில் சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார். "ரெண்டு வாய்" என்றார்.

"சரியாச் சொல்லுங்க. விளையாடற விஷயமில்ல."

"ஒரு கிண்ணம்."

"ஐயா..."

"சரிம்மா, டப்பா! பச்சை மூடி டப்பா மொத்தமும்! காலைல பாதி, மத்தியானம் பாதி. விரல விட்டு வழிச்சுத் தின்னேன். போதுமா?" என்று சத்தம் போட்டார். வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எத்தனையோ பேரை டிக்கெட் இல்லாமல் பிடித்தவர், பிடிபட்டவன் முழிக்கிற முழியை அன்று தானே முழித்தார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "சவரம் பண்ற க்ரீம்னு சொன்னீங்களே மாமா!"

"சொன்னேன். சொன்ன வாயால மறுபடி கேட்டு வாங்கித் திங்க முடியுமா? அதான் நீ இல்லாதப்ப..."

"கழுவி வேற வச்சிருக்கீங்க!"

"பின்ன, தடயத்தை விட்டா வைப்பாங்க?"

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஊசியை எடுத்தாள். "நீங்க எவ்வளவும்மா சாப்பிட்டீங்க?" என்று என்னைக் கேட்டாள்.

"நானா? நான் சாப்பிடல" என்றேன்.

"செஞ்சவங்க நீங்கதானே?"

"செய்யும்போதே வாசனையில எனக்குத் திகட்டிடும்..." என்று தொடங்கினேன். பழத்தைக் கரைய விட்டதும், க்ரீம் அடித்ததும், அடுக்கினதும் எல்லாம் நான்தான். ஒரு ஸ்பூன்? ம்ஹூம். காலையிலிருந்து ஊரையே திட்டிக்கொண்டிருந்தவள் திருதிருவென்று விழித்தேன்.

மாமா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். குரல் இறங்கியிருந்தது. "க்ரீம்ல இனிப்பு ஜாஸ்தி. அடியில பிஸ்கட் ஊறிப்போய் நசநசன்னு இருந்துச்சு, கடைசியா மேல தூவு. பழத்தோட புளிப்பு இருக்கே, அது மட்டும் சரியான புளிப்பு. அதுக்காகத்தான் ரெண்டாவது பாதியும் தின்னேன்."

இத்தனை வருஷத்தில் அவர் என் கையை மெச்சியது அதுதான் முதல் தடவை. ஊசி அவருக்குப் போட்டார்கள், கண்ணில் தண்ணீர் எனக்கு வந்தது.

"நாளைக்கு இடத்துக்காரருக்கு என்ன மாமா சொல்றது?" என்றேன்.

"கடையில நல்ல பழமா வாங்கிட்டு வா. வீட்டுக்குப் போனதும் இன்னொரு தடவை செய்" என்றார் பஞ்சால் கையை அழுத்திக்கொண்டு. "ரெண்டு தட்டு எடுத்து வை. உன் தட்டை நீ காலி பண்ணு, நான் பாக்கறேன். அப்புறம் சொல்லிக்கலாம்."