எடுக்காமல் எழுதிய அளவு

சர்க்கரை நோய்ப் பிரிவில் பதினொன்றரை மணிக்குள் எண்பத்தாறு பேருக்கு ரத்த அழுத்தம் பார்த்தாகிவிட்டது. ஸ்டெதாஸ்கோப் அழுத்தி நர்ஸுக்குக் காது வலித்தது. வரிசை மட்டும் குறைந்தபாடில்லை.

அடுத்து வந்தவர் ஒரு தையல்காரர். பல வருஷமாகச் சர்க்கரை நோய். நெற்றியில் கட்டு. கூடவே மனைவி.

“ஊர்த் துணியெல்லாம் தைச்சவருக்கு இப்போ நெத்தியில ஏழு தையல்” என்றாள் அவள். சிரிக்கவில்லை. “எழுந்து நின்னா கண்ணு இருட்டுதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. போன மாசம் நீங்கதான்மா பார்த்தீங்க. சீட்டுல எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. அதை நம்பி, வேலைக்குப் போக சோம்பல்பட்டு நடிக்கிறாருன்னு திட்டித் தீர்த்துட்டேன். முந்தாநாள் குளியலறையில விழுந்துட்டாரு.”

“நானும்தான் நம்பினேன்” என்றார் தையல்காரர். “நமக்குத்தான் மனசுல ஏதோ கோளாறுன்னு நினைச்சுக்கிட்டேன்.”

நர்ஸ் பழைய சீட்டைப் புரட்டினாள். அவள் கையெழுத்துதான். படுத்தபோது 130, நின்றபோது 128. அன்று அவரைப் படுக்க வைக்கவும் இல்லை, நிற்க வைக்கவும் இல்லை. உட்கார வைத்தே ஒருமுறை பார்த்தாள். மற்றதை மனம்போல் எழுதினாள். ஒருவருக்குப் பத்து நிமிடம் ஒதுக்க அவளுக்கு ஏது நேரம்? இரண்டு வருஷமாக எல்லோருக்கும் அப்படித்தான்.

இன்று அவரை ஐந்து நிமிடம் படுக்க வைத்தாள். 150. எழுப்பி நிறுத்தினாள். முதல் நிமிடம் 118. மூன்றாவது நிமிடம் 96. அவர் சுவரைத் தேடித் துழாவினார். நாடி ஏறவே இல்லை. சட்டென்று உட்கார வைத்தாள்.

அவள் கூப்பிட்டதும் வந்த டாக்டர் அவருக்கு ஈ.சி.ஜி. பட்டைகளை ஒட்டி, ஆழமாக மூச்சு இழுத்து விடச் சொன்னார். மூச்சோடு ஏறி இறங்க வேண்டிய இதயத் துடிப்பு ஒரே சீராக ஓடியது.

“நாம எழுந்து நின்னா ரத்தம் காலுக்கு இறங்கும்” என்று மனைவிக்கு விளக்கினார். “உடனே ரத்தக் குழாயை இறுக்கி, இதயத்தை வேகப்படுத்தி, அதை மேல அனுப்பறதுக்குத் தனி நரம்புகள் இருக்கு. நாம சொல்லாமலே வேலை செய்யும். சர்க்கரை அந்த நரம்புகளைக் கெடுத்திருக்கு. இவர் நடிக்கலைம்மா. மாத்திரையை மாத்தித் தரேன். இனிமே படுக்கையில கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு அப்புறம் எழுந்திருக்கட்டும்.”

பழைய சீட்டைப் பார்த்தவர் புருவத்தைச் சுருக்கினார். “ஒரே மாசத்துல இவ்வளவு மாறுமா?”

கருவி கோளாறு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நர்ஸுக்கு அதற்கும் தெம்பில்லை.

“நான் எடுக்கலை டாக்டர். சும்மா எழுதினேன்.”

டாக்டர் சீட்டை மேஜையில் வைத்தார். மனைவிதான் பேசினாள். குரலில் கோபத்தைவிட அலுப்பே அதிகம்.

“நேரமில்லைன்னா, பார்க்கலைன்னே எழுதியிருக்கலாமேம்மா. இன்னொரு நாள் வந்திருப்போம். பார்க்காததைப் பார்த்ததா எழுதினா, உண்மையைச் சொல்ற நோயாளி வீட்டுல பொய்யனாயிடறாரு.”

நர்ஸ் தலைகுனிந்தாள். அடுத்தவரின் சீட்டை எடுத்தாள். கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். படுத்த நிலை, நின்ற நிலை என்ற இரண்டு இடங்களிலும் ‘இன்னும் பார்க்கவில்லை’ என்று எழுதிவிட்டு, “கொஞ்சம் காத்திருங்க ஐயா, கட்டில் காலியானதும் படுக்க வெச்சுத்தான் பார்க்கணும்” என்றாள்.