மார்த்தா கிரேனுக்கு ஒரு தகப்பன்

படச்சுருள் மெஷினின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்த சிவபாதத்தின் கை தானாக நின்றது. மாசி மாதத்திலிருந்து சனிக்கிழமை சனிக்கிழமையாகத் தேடிய பெயர், அழைப்பில்லாத விருந்தாளி மாதிரித் திரையின் நடுவில் வந்து குந்தியிருந்தது. மார்த்தா. தாய் சுசானா கிரேன். தகப்பன் பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. தொழில் எழுதும் கட்டத்தில், அந்த ஊர்ப் பாதிரியார் நூறு வருடத்துக்கு முன்னர் இழுத்து இழுத்து எழுதியிருந்தார்: மணமாகாதவள்.

"ஏதும் கிடைச்சுதோ?" பக்கத்துக் கதிரையிலிருந்து கிளடிஸ் கேட்டாள்.

"இல்லை," என்றுவிட்டு அவர் மறுபடி சுற்றத் தொடங்கினார்.

கேட்டதும் ஆங்கிலம், சொன்னதும் ஆங்கிலம். ஆனால் கிளடிஸ் என்ன பேசினாலும் சிவபாதத்தின் காதில் அது சுன்னாகத்துத் தமிழாகத்தான் விழும். வெள்ளைக்காரி என்ற பிரமிப்பு அந்த நிலக்கீழ் வீட்டுக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தோடு தெளிந்துவிட்டது. மேல்தளத்தில் வீட்டுக்காரி, கீழே சிவபாதமும் மனைவி கோணேஸ்வரியும். கோணேஸ்வரி மீன் பொரித்தால் மேலே யன்னல் திறக்கும். கிளடிஸ் வானொலி போட்டால் கீழே இவருடைய பகல் நித்திரை கெடும். கணக்குச் சரி.

கிளடிசுக்கு எண்பது தாண்டிவிட்டது. கண்ணில் ஒரு வியாதி. பார்க்கும் இடத்தில் ஒரு கறுப்பு வட்டம் வந்து நிற்கும், ஓரங்கள் மட்டும் தெரியும். உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அவள் உங்கள் காதுக்கு அப்பால் எங்கோ பார்ப்பாள். வந்த புதிதில் சிவபாதம் அதைச் செருக்கு என்று நினைத்து, வாடகை பேசும்போது கொஞ்சம் கூடவே நெஞ்சை நிமிர்த்தியிருக்கிறார்.

அவளுடைய தாய் மார்த்தா, சிறு பிள்ளையாகக் கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டவள். ஆங்கிலேயரின் நாட்டில் அநாதை விடுதிகளில் இருந்த பிள்ளைகளை அந்தக் காலத்தில் கனடாவுக்கு அனுப்பிப் பண்ணைகளில் வேலைக்கு விடுவார்களாம். பால் கறந்து, பன்றிக்குத் தீன் வைத்து வளர்ந்தவளிடம் பண்ணைக்காரி, "உனக்கு ஆக்களே இல்லை, நீ சும்மா முளைச்சனீ" என்று சொல்லிச் சொல்லியே வளர்த்திருக்கிறாள். மார்த்தாவும் சாகும்வரை அதை நம்பினாள். அவள் வாயிலிருந்து வந்தது ஓர் ஊரின் பெயர் மட்டும்: மார்ஷ்வெல். கண்ணின் ஓரமும் போகுமுன் தாய் எங்கிருந்து முளைத்தாள் என்று பார்த்துவிட வேண்டும். கிளடிசுக்கு மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான்.

அந்த ஊர்த் தேவாலயப் பதிவுகளை யாரோ புண்ணியவான்கள் படம் பிடித்து வைத்திருந்தார்கள். எழுதிக் கேட்டால் படச்சுருள் ரொறன்ரோவுக்கு வரும். ஒரு கிறிஸ்தவச் சபைக்காரரின் கட்டடத்துக் கீழறையில் கொஞ்சக் காலம் வைத்துப் பார்க்கலாம், பிறகு திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கிருந்த மெஷின் பழசு. கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காவிட்டால் சுருள் தானாகப் பின்னுக்கு ஓடும். அதைப் பிடிக்க ஒரு கையும் எழுத்தை வாசிக்க ஒரு சோடிக் கண்ணும் வேண்டும். இரண்டும் சிவபாதத்திடம் இருந்தன, அரைத்தூக்கத்தில். வெள்ளி இரவு மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கும் வேலை. அது முடிந்து நானூற்றொன்றாம் நெடுஞ்சாலையில் ஊர்ந்து வந்து, ஒரு தேத்தண்ணியோடு கிளடிசை ஏற்றிக்கொண்டு இங்கே வந்து இருந்தால், கண் இமை சுவர்க் கடிகாரத்தை விட மெதுவாக அடிக்கும்.

ஆனால் இந்த வேலை அவருக்குப் புதிதல்ல. ஊரில் இதற்குப் பூராயம் என்று பெயர். மாப்பிள்ளையின் பேரன் யார், பொம்பிளையின் பெரியம்மா யாரோடு போனாள் என்று தோண்டாமல் அங்கே ஒரு தாலியும் ஏறாது. சிவபாதத்தின் தகப்பன் சுன்னாகம் சந்தையில் வெங்காய வியாபாரி, ஓய்வு நேரத்தில் கலியாணத் தரகர். இரண்டுக்கும் ஒரே சட்டம். கடகப்பெட்டியின் மேல்வரிசையில் நல்ல வெங்காயத்தை அடுக்கு. கீழே என்ன கிடக்கிறதென்று வாங்குகிறவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும். ஆயிரம் பொய் சொல்லியும் ஒரு கலியாணத்தைச் செய்து வை என்று பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள். தகப்பன் ஆயிரத்தையும் தாண்டியிருப்பார்.

அந்த இரத்தம்தான் கையைச் சுற்ற வைத்தது. பாவம் மனுசி. இவ்வளவு பாடுபட்டுக் கண்டது இதுவா? தகப்பன் பெயரில்லாத தாய். இதையா கையில் கொடுப்பது? நாலைந்து பக்கம் தள்ளி, கும்பிட்ட தெய்வம் குறுக்கே வந்த மாதிரி, அதே வருடத்தில் இன்னொரு மார்த்தா கிரேன் வந்தாள். தகப்பன் வில்லியம், கொல்லன். தாய் எலன். எல்லாக் கட்டமும் நிறைந்திருந்தது. நல்ல உருண்டை வெங்காயம்.

"கிடைச்சிட்டுது," என்றார் சிவபாதம்.

கிளடிஸ் அவருடைய கையைப் பிடித்த பிடியில், நித்திரை முழுக்கப் போய்விட்டது.

அன்று பின்னேரமே மேலிருந்து கிளடிஸ் சுட்ட அப்பிள் பை இறங்கி வந்தது. மேலே தொலைபேசியில் மனுசி மகன் றொபேட்டிடம், "கொல்லன்ரா, எங்கடை ஆள் கொல்லன்!" என்று கத்துவது கீழே கேட்டது. சிவபாதம் பையை முள்ளுக்கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, பேய் அறைஞ்ச மாதிரி?" என்றாள் கோணேஸ்வரி.

அவர் சொன்னார். சொல்லும்போது, தான் செய்தது கொஞ்சம் கெட்டித்தனம் என்பதும் குரலில் இருந்தது. அவள் கழுவிய கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"மனுசியை ஆர் பொம்பிளை கேட்டு வந்திருக்கினம்?"

"என்ன விசர்க் கதை?"

"பின்னை ஏன் மறைச்சனீங்கள்? என்ரை அப்பாவுக்குத் திருகோணமலையிலை ரெண்டாவது வீடு இருந்ததை உங்கடை கொப்பர் உங்களுக்கே மறைச்சவர். ஏன்? நான் கரைசேர வேணுமெண்டு."

"அது தெரிஞ்ச நேரம் உம்மடை வயித்திலை மூத்தவள்."

"அதைத்தான் சொல்லுறன். உந்த மனுசியின்ரை தாய் எப்பவோ கரைசேந்து, பிள்ளை பெத்து, போயும் சேந்திட்டா. இப்ப ஆரைக் கரைசேர்க்கப் பொய் சொன்னனீங்கள்?"

"மனுசி சந்தோசமா இருக்குது."

"ஓம். வேறை ஆற்றையோ தகப்பனை வைச்சுக்கொண்டு."

சிவபாதம் பையைத் தள்ளி வைத்தார். கோணேஸ்வரியோடு பேரம் பேசி அவர் ஒரு நாளும் வென்றதில்லை. தராசில் அவளுடைய பக்கத்துத் தட்டில் எப்போதும் உண்மை கிடந்து தொலைக்கும்.

அடுத்த சனி, சுருள் திரும்பிப்போக முந்திய கடைசிச் சனி. தேடும் வேலை இனி இல்லை, நித்திரை கொள்ளலாம் என்று வந்தவரின் கதவைக் கிளடிஸ் தட்டினாள். கோட்டுப் போட்டு, தொப்பி வைத்து, தயாராக.

"இண்டைக்கு அடக்கப் பக்கம் பாக்கவேணும், சிவா."

"அதுதான் தகப்பனையே பிடிச்சாச்சே. பிறகென்ன?"

"ஞானஸ்நானத்திலை கண்ட பிள்ளையை அடக்கத்திலை காணக்கூடாது. கண்டால் அது எங்கடை ஆள் இல்லை. கனடாவுக்கு வந்தவள் அங்கை செத்திருக்க ஏலாதெல்லோ? வாசிப்பறைக்காரர் சொன்னவை, எப்பவும் செத்தவையையும் பாத்துத்தான் முடிக்கவேணுமாம்."

விற்ற சாமானைத் திருப்பி நிறுக்கும் வழக்கம் சந்தையில் இல்லை. இங்கே இருந்தது. இப்படி ஒரு விதியை அறிந்திருந்தால் தகப்பன் தரகையே விட்டிருப்பார் என்று நினைத்தபடி சிவபாதம் காரை எடுத்தார்.

மார்ஷ்வெலில் பிள்ளைகள் தாராளமாகச் செத்திருந்தார்கள். ஒரு மாரியில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர். சிவபாதம் கொட்டாவி விட்டுக்கொண்டு, கிரேன் வரக்கூடாது, கிரேன் வரக்கூடாது என்று எல்லாக் கோயிலுக்கும் நேர்ந்துகொண்டு சுற்றினார். வந்தது. மார்த்தா கிரேன், கொல்லன் வில்லியத்தின் மகள். வயது இரண்டு.

ஒரு சுற்றுத்தான். ஒரு சுற்றுச் சுற்றினால் வரி போய்விடும், கொல்லன் நிலைப்பான், மனுசி நிம்மதியாகக் கண்ணை மூடும். உயிர் தப்பி வளர்ந்தவளைத் தாண்டிப் போன கை, செத்த பிள்ளையைத் தாண்டிப் போக மறுத்தது. அவர் வாசித்தார்.

கிளடிஸ் "பாவம், குஞ்சு," என்றாள். கோட்டின் பொத்தான்களைத் தடவித் தடவிப் பூட்டினாள். ஒன்று மாறிப் பூட்டுப்பட்டது. "றொபேட் குதிரை லாடமொண்டு வாங்கிக் கதவிலை அடிச்சிட்டான். அதை எப்பிடிக் கழட்டச் சொல்லுறது?" சிரிக்கப் பார்த்தாள். "சரி. எழும்பும், போவம். அம்மா சொன்னதுதான் சரி போலை. சும்மா முளைச்சவ."

சிவபாதம் எழும்பவில்லை. உடம்பில் ஏழு நாள் களைப்பும் ஒன்றாக வந்து இறங்கியது. இனி ஒரு பொய்யைத் தூக்கி நிறுத்தவும் அதில் தெம்பில்லை.

"இருங்கோ. ஒண்டு இருந்தது. போன கிழமை நான் சொல்லேல்லை."

"என்ன?"

"இன்னொரு மார்த்தா. தகப்பன் பேர் இல்லை. அதாலை…"

"தாய்?"

"தாய் இருக்கிறா. சுசானா."

கிளடிசின் முகம் சிவந்தது. "உமக்கு ஆர் சொன்னது, எனக்குத் தகப்பன் வேணுமெண்டு?"

பக்கத்து மெஷின்காரர் திரும்பிப் பார்த்தார். சிவபாதம் சுருளைப் பின்னோக்கிச் சுற்றினார். செத்தவர்கள் போனார்கள், கலியாணம் கட்டியவர்கள் போனார்கள், பிறந்தவர்கள் வந்தார்கள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் பனித்தூவல் மாதிரி ஓடின. அவர் அந்த வரியைத் திரையின் நடுவுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார்.

"இதிலையோ? அண்டைக்கு இதிலை சில்லு ஒருக்கா நிண்டது. நீர் தூங்கிப்போனீரெண்டு நினைச்சன்."

கிளடிஸ் கதிரையை இழுத்துக்கொண்டு திரைக்கு மிகக் கிட்ட வந்தாள். பிறகு திரையிலிருந்து முகத்தைத் திருப்பி, சுவரில் வரிசையாகத் தொங்கிய மற்றவர்களுடைய கோட்டுகளைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் திருப்பினாள். எங்கோ ஓரிடத்தில் கழுத்து நின்றது.

"சுசானா," என்றாள், கோட்டுகளைப் பார்த்து.

சிவபாதத்துக்கு விரல்கள் விறைத்துக்கொண்டு வந்தன. சுருள் பின்னுக்கு இழுத்தது. அவர் மற்றக் கையையும் கொண்டுவந்து கைப்பிடியில் வைத்தார்.