எலுமிச்சைக்கு மீன் போட்ட உரம்

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் பின்பக்கத்தில் வீட்டுக்கார அண்ணனுக்கு ஒரு மீன் குளம், அண்ணிக்கு ஒரு எலுமிச்சை மரம். குளத்தைக் குளம் என்று சொல்வது அண்ணன் மட்டும்தான். ஒரு கட்டில் அகலம் இருக்கும்.

மரம் வருஷக்கணக்காகப் பூக்காமல் நின்றது. குளத்துத் தண்ணீரை மாற்றும்போதெல்லாம் அந்தப் பச்சைத் தண்ணீரை அண்ணி மரத்தடியில் ஊற்ற ஆரம்பித்தாள். மீன் கழிவு நல்ல உரம். இந்த வருஷம் பூத்துப் பிஞ்சும் விட்டது. உடனே அண்ணன் பெரிய விவசாயி ஆகிவிட்டார். கூரியர்காரரைக்கூட உள்ளே கூப்பிட்டுக் காட்டினார்.

"எல்லாம் என் மீனோட உழைப்பு."

"ஆமா, பக்கெட் தானா நடந்து வந்துச்சு," என்றாள் அண்ணி.

முதல் காய் எனக்குத்தான் என்று அவள் சொல்லியிருந்தாள். இந்த ஊரில் எனக்கென்று ஒருவர் எடுத்து வைக்கப்போகும் முதல் பொருள். வேலைக்குப் போகுமுன் பிஞ்சுகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவேன்.

திடீரென்று இலை ஓரமெல்லாம் கருகியது. பிஞ்சு கொட்டியது.

"வெயில்," என்றார் அண்ணன். அந்த வாரம் முழுக்க வானம் மூட்டமாகவே இருந்தது.

பாவம் மரம் என்று அண்ணி குளத்துத் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றினாள். இன்னும் கொட்டியது. அப்புறம் ஒருநாள் சமையலறையிலிருந்து அவள் குரல் வந்தது.

"ஏங்க, அடுக்கி வச்ச உப்பு பாக்கெட்டெல்லாம் எங்க?"

"மீனுக்கு வெள்ளைப் புள்ளி வந்துச்சு. தண்ணியில உப்பு போட்டா சரியாகும்னாங்க. அப்பப்ப போட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"மீனுக்குச் சீக்குன்னா நீ சிரிப்பே."

அண்ணி போய்க் குளத்தில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். துப்பினாள்.

"ஊறுகாய் போடணும்னா காயைப் பறிச்சு ஜாடியில போடுவாங்க. நீங்க மரத்தோட போட்டுட்டீங்க."

"மீனெல்லாம் பிழைச்சுடுச்சே," என்றார் அண்ணன்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள். இங்கே தின்றது மரம். வேரில் தங்கிய உப்பு கரைந்து இறங்கும்வரை குழாய்த் தண்ணீர் சுமக்கும் வேலை அண்ணனுக்கு வந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுமந்தார். மனசு கேட்காமல் நானும் ஒரு பக்கெட்டை எடுத்தேன்.

"கீழ வை தம்பி. உழைப்பாளி மீனுக்குச் சொந்தக்காரரே தூக்கட்டும்."

ஒரே ஒரு காய் தப்பியது. மஞ்சளானதும் அண்ணி பறித்து என் கையில் வைத்தாள்.

"பார்த்தியா தம்பி, என் மீன்..." என்று அண்ணன் ஆரம்பித்தார்.

அண்ணி காலி பக்கெட்டைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள். அவர் அதை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார்.