வெண்டல் பென்னர் மூடிய புகார்

மேடைக்குச் சவுண்டு பார்க்கிறவளைப் பார்த்துக் காதில் கோளாறு என்று சொல்வதைவிடக் கேவலமான பேச்சு வேறு கிடையாது. ஜோஸ்லின் சபூரன் அந்தப் பேச்சை ஒரே வாரத்தில் இரண்டு பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஒருத்தி நேரில் சொன்னாள். இன்னொருவர் உலகமே படிக்கிற இடத்தில் எழுதி வைத்தார்.

நேரில் சொன்னவள் சிக்ரிட் ஹால்டோர்சன், நடன நிகழ்ச்சியின் இயக்குநர். வின்னிபெக்கில் பழைய தானியக் கிடங்கு ஒன்றின் மூன்றாம் மாடியில் ஒத்திகை நடந்தது. ஏரி உறையும்போது எழுகிற சத்தங்களுக்கு ஏழு பேர் ஆட வேண்டும், முப்பத்தெட்டு நிமிடம். அந்தச் சத்தங்களை ஜோஸ்லினே நவம்பர் குளிரில் மைக்கைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிவு செய்தவள். பார்வையாளர்களைச் சுற்றி எட்டு ஸ்பீக்கர் வைத்திருந்தாள். பாதிச் சத்தம் காதில் விழுந்ததா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு மெல்லியது. அதற்கு நடுவில்தான் 'டிக்' என்று ஒன்று கேட்டது. ஒரு நாள் இருபதாம் நிமிடத்தில், மறுநாள் முப்பத்தொன்றாம் நிமிடத்தில், நினைத்த இடத்தில் வந்தது அந்தச் சனியன்.

வெள்ளிக்கிழமை ஒத்திகையில் சிக்ரிட் கையைத் தட்டி ஆட்டத்தை நிறுத்தினாள். ஆடுகிறவர்கள் ஏழு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஜோஸ், இது உனக்குக் கேக்குதா இல்லையா? காது நல்லாத்தானே இருக்கு? இல்ல, அந்த ஓட்டை லேப்டாப்போட வேலையா?"

கேட்கிறது, சரி செய்துவிடுகிறேன் என்றாள் ஜோஸ்லின். புதன்கிழமை கடைசி ஒத்திகை, அதிலும் இது கேட்டால் சொந்த மெஷினோடு வருகிற வேறொருவனைக் கூப்பிட்டுவிடுவேன் என்று சிக்ரிட் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அவள் கெட்டவள் இல்லை. வியாழக்கிழமை அரங்கு நிறைய ஆள் வருவார்கள், அவளுக்கு அவள் கவலை.

லேப்டாப்புக்கு வயது பதினொன்று. அதில் லினக்ஸ், அதன்மேல் 'லூன்' என்கிற நிரல். ஒலிகளை அடுக்கி, சொன்ன நேரத்தில் சொன்ன ஸ்பீக்கருக்கு அனுப்புவதுதான் லூனின் வேலை. யாரும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். பதினெட்டு வருஷமாக அதைக் கட்டிக் காப்பவர் வெண்டல் பென்னர். தண்டர் பே ஊரில் ரயில்வே சிக்னல் பழுது பார்க்கிற மனுஷன். வேலை முடிந்து வந்து, சம்பளம் என்று ஒரு சல்லிக்காசு இல்லாமல், இத்தனை வருஷம். நினைத்துப் பார்த்தால் கும்பிடத்தான் தோன்றும். ஆனால் வாயைத் திறந்தால் மட்டும் கும்பிட்ட கையை இறக்கிவிடலாம் போலிருக்கும், அப்படி ஒரு நாக்கு.

லூனில் கை வைக்கிறவர்களுக்கு அவர் வைத்த விதி ஒன்றே ஒன்று. ஒலி போகிற பாதையில் எதுவும் நின்று காத்திருக்கக் கூடாது. ஐந்து மில்லிநொடிக்கு ஒருமுறை சவுண்ட் கார்டு கையை நீட்டும். அந்த நேரத்துக்குள் அடுத்த துண்டு ஒலியைக் கையில் வைத்துவிட வேண்டும். பந்தியில் இலை காலியாகும் முன்னே சாதம் விழ வேண்டும், அவ்வளவுதான் விஷயம். ஒரு தடவை பிந்தினால் அந்த இடத்தில் 'டிக்'. இந்த விதியை மீறி வந்த திருத்தங்களை, அனுப்பியவர் எத்தனை பெரிய ஆளானாலும் சரி, வெண்டல் திருப்பி அடித்திருக்கிறார்.

ஜோஸ்லின் சனிக்கிழமை லூனின் பொதுப் பக்கத்தில் புகார் எழுதினாள். அக்டோபர் பதிப்பில் இந்தச் சத்தம் இல்லை, ஜனவரி பதிப்பில் இருக்கிறது, ஆனால் எட்டு ஸ்பீக்கருக்குப் பிரித்து அனுப்பும் வசதி புதியதில்தான் வந்தது என்பதால் பழையதற்குத் திரும்பவும் வழியில்லை என்று, லேப்டாப்பின் வயதையும் சொல்லிப் பணிவாகத்தான் எழுதினாள். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது.

"இங்க ஒரு டிக்கும் இல்ல. உங்க மெஷின் பழசு. கேபிளைப் பாருங்க, அப்படியே காதையும் காட்டிப் பாருங்க. முன்ன நல்லா இருந்துச்சுன்னு சாதிக்கிறீங்கன்னா, எந்த மாற்றத்துல கெட்டுச்சுன்னு பாதி பாதியா பிரிச்சுக் கண்டுபிடிச்சுக் கொண்டாங்க. புகார் மூடப்பட்டது."

அழுகை வந்தது அவளுக்கு. அப்புறம் கோபம் வந்தது. கொண்டாங்க என்றால் கொண்டுவருகிறேன் ஐயா என்று உட்கார்ந்துவிட்டாள்.

அக்டோபருக்கும் ஜனவரிக்கும் நடுவில் இருநூற்றுப் பதினான்கு மாற்றங்கள். நட்டநடுவில் ஒன்றை எடுத்து, அதுவரைக்குமான வரிகளைச் சேர்த்து லூனை ஓடும் நிரலாகக் கட்டி, ஓட்டிப் பார்க்க வேண்டும். டிக் வந்தால் கோளாறு அதிலோ முன்பாதியிலோ, வராவிட்டால் பின்பாதியில். மறுபடி அந்தப் பாதியில் பாதி. எட்டுச் சுற்றில் ஆள் பிடிபட்டுவிடும். கேட்க லேசுதான். பழைய லேப்டாப் ஒவ்வொரு தடவையும் லூனைக் கட்டி முடிக்க ஐம்பது நிமிடம் எடுத்தது. பிறகு முப்பத்தெட்டு நிமிட ஏரிச் சத்தத்தை, பழைய பதிப்புகளும் ஏற்கும்படி வெறும் இரண்டு ஸ்பீக்கரில், ஹெட்போனோடு கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். டிக் வந்துவிட்டால் நிம்மதி. வரவில்லை என்றால் இன்னொரு முப்பத்தெட்டு நிமிடம் கேட்டுவிட்டுத்தான் 'நல்லது' என்று குறித்தாள். யார் செய்வார் இப்படி? ஞாயிறு காலை ஏழுக்கு ஆரம்பித்து மாலைக்குள் ஐந்து சுற்று. திங்கட்கிழமை மீதி மூன்று.

மதியம் இரண்டரைக்குத் திரை பதில் சொன்னது. முதன்முதலில் டிக் வந்த மாற்றம் டிசம்பர் பன்னிரண்டாம் தேதியது. ஒரே ஒரு வரி. ஒலி பிந்தப் போகிறது என்று தெரிந்தால் அதைக் குறிப்பேட்டுக் கோப்பில் எழுதி வை என்று சொல்கிற வரி. எழுதியவர் பெயர், வெண்டல் பென்னர்.

அட, தலைவரே!

சிரிக்கத்தான் முதலில் தோன்றியது. ஆனால் இந்த மனுஷனிடம் போய் இதை எப்படிச் சொல்வது? புகாரை இன்னொரு தடவை மூடிவிட்டால் புதன்கிழமை அவளுக்கு இடம் இல்லை. குத்தலாக ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல் எட்டுச் சுற்றின் முடிவையும் அப்படியே ஒட்டி, தன் தொலைபேசி எண்ணையும் போட்டு அனுப்பினாள். கீழே போய்ப் பெரோகிக் கொழுக்கட்டை வாங்கி வந்து தின்றாள்.

ஆறு மணிக்கு அழைப்பு வந்தது. எழுத்தில் இருந்த காரம் குரலில் இல்லை. மெதுவாகப் பேசுகிற மனுஷன்.

"வெண்டல் பேசறேன். தண்டவாளத்துல இருந்தேன், இப்பத்தான் படிச்சேன். என் மனைவியோட பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு கராஜ்ல கிடந்துச்சு. எடுத்து ஓட்டினேன். மூணாவது நிமிஷமே டிக்."

"ஓ," என்றாள் ஜோஸ்லின்.

"என் மெஷின் வேகமானது. அதுல ஒலி பிந்தப் போறதே இல்ல, அந்த வரிக்கு வேலையே வரல. உங்க மெஷின்ல கொஞ்சம் இழுக்கும். இழுத்த உடனே என் வரி கோப்புல எழுதப் போயிடுது. எழுதி முடிக்கிற வரைக்கும் ஒலி நிக்குது. பிந்துதான்னு பாக்க நான் நிறுத்தின ஆளே வழிய மறிச்சுட்டு நின்னிருக்கான்."

அந்த வரியை அழித்துவிட்டு மறுபடி கட்டுங்கள், நிகழ்ச்சிக்கு அது போதும் என்றார். முடிந்ததும் அந்தத் திருத்தத்தை அவளே லூனுக்கு அனுப்ப வேண்டுமாம்.

"எனக்கு நிரல் எழுதத் தெரியாதுங்க."

"எழுதச் சொல்லல. அழிக்கத்தான் சொல்றேன். கண்டுபிடிச்சது நீங்க, நான் எப்படி அனுப்புறது?"

புதன்கிழமை ஒத்திகையில் முப்பத்தெட்டு நிமிடமும் ஏரி மட்டும்தான் கேட்டது. எட்டு ஸ்பீக்கரிலும் சுத்தம். சிக்ரிட் வந்து தோளைத் தட்டி, "பாத்தியா, லேப்டாப்தான்னு சொன்னேனே, ஒரு வழியா சரி பண்ணிட்ட," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இடம் பிழைத்தது, பேச்சு மட்டும் அப்படியே நின்றது. விளக்கம் சொல்லப் போனால் சாக்குச் சொல்கிறாள் என்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை திருத்தத்தை அனுப்பினாள். கூடவே காரணக் குறிப்பு எழுத வேண்டும், அது அங்கே வழக்கம். 'டிசம்பரில் சேர்க்கப்பட்ட ஒரு வரி ஒலியைத் தடை செய்ததால் நீக்கப்படுகிறது' என்று எழுதினாள். பெயரைப் போட மனம் வரவில்லை. பெரிய மனுஷன், மனம் திறந்து பேசியவர், அவரைச் சந்தியில் நிறுத்துவானேன்?

பத்து நிமிடத்தில் திருத்தம் திரும்பி வந்தது. ஏற்கப்படவில்லை. கீழே ஒரே கேள்வி, "யார் சேர்த்தது?"

அது அவ்வளவு முக்கியமா, நீங்கள் சொன்னபடியே அழித்துவிட்டேனே என்று எரிச்சலோடு எழுதினாள்.

"முக்கியம்," என்று பதில் வந்தது. "உங்க மெஷின் பழசு, காதைக் காட்டுங்கன்னு நான் எழுதினது இங்க என் பேரோட நிக்குது. நாளைக்குப் படிக்கிறவன் அதை நம்புவான். உங்க காது சரி, என் வரி தப்புன்னு அதே அளவுக்குத் தெளிவா இங்க நிக்கணும். மத்தவங்க தப்பு பண்ணினப்ப பேரைப் போடாம நான் ஒருத்தரையும் விட்டதில்ல. எனக்கு மட்டும் என்ன தனிச் சலுகை? பேரைப் போடுங்க, அப்பத்தான் ஏத்துக்குவேன்."

ஜோஸ்லின் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு எழுதினாள். 'இந்த வரியைச் சேர்த்தவர் வெண்டல் பென்னர். இது லூனின் விதிக்கு எதிரானது. புகார் செய்தவரின் மெஷினில் பிழை இல்லை.' ஒரு நிமிடத்தில் ஏற்றுக்கொண்டார். அதோடு விடவில்லை. டிசம்பருக்குப் பிறகு 'உங்க மெஷின் பழசு' என்று தான் மூடிய பத்தொன்பது புகார்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, தவறு என்னுடையது, மறுபடி ஓட்டிப் பாருங்கள் என்று தன் கையாலேயே எழுதிக்கொண்டிருந்தார். அவளுக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. இப்படி ஒரு மனுஷனா!

அன்று மாலை ஐந்து மணிக்குச் சிக்ரிட் மிக்சர் பக்கம் வந்தபோது ஜோஸ்லின் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினாள். சிக்ரிட் குனிந்து மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"இந்த ஆளு யாரு?"

"இதுல ஓடுற லூனைக் கட்டிக் காக்கிறவர்."

"தன் பேரைப் போடலன்னு திருப்பி அனுப்பினாரா?"

"ஆமா."

சிக்ரிட் நேராக மேடைக்குப் போய், கைகால் உதறிக்கொண்டிருந்த ஏழு பேரையும் அருகே கூப்பிட்டாள்.

"வெள்ளிக்கிழமை உங்க எல்லார் முன்னாடியும் ஜோஸ் காதைப் பத்தி ஒண்ணு சொன்னேன். அது தப்பு. அவ காதுக்குக் கேட்டது நிஜம், கோளாறு நிரல்ல இருந்துச்சு, அதையும் அவதான் கண்டுபிடிச்சா."

ஏழு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜோஸ்லின் தலையைக் குனிந்துகொண்டு, மிக்சரில் ஏற்கெனவே சரியாக இருந்த எட்டுக் குமிழ்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள்.