இருபத்துநான்காவது கேசட்

இருபத்து மூன்று கேசட்டுகளும் ஓடின. இருபத்துநான்காவது மட்டும் ஓடவில்லை.

ரெனிட்டா அதை உருவி, அடியில் வரிசையாக இருந்த செம்புப் பற்களை ரப்பரால் தேய்த்தாள். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். மறுபடி வீடியோ கேம் பெட்டியில் செருகிப் பட்டனைத் தட்டினாள். டிவியில் வெறும் சாம்பல் நிறம்.

"ஊதிப் பாக்கவாண்ணே?"

"ஊதாத ஏட்டி. வாய் ஈரம் பட்டா களிம்பு ஏறும்."

கட்டிலில் கிடந்த பென்சனுக்கு இரண்டு நாளாகப் பேச்சு குறைந்திருந்தது. இதற்கு மட்டும் வந்தது. ஈரல் கெட்டு, இனி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த தங்கச்சியிடம் அவன் கேட்டது ஒன்றுதான்: எல்லா கேசட்டும் ஓடுகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

பேண்டேஜ் துணி மில்லில் தறிகளைப் பழுதுபார்க்கும் பிட்டர் அவன். சிறுவயதில் இருவரும் ஆடிய பெட்டியை முப்பது வருடமாகச் சாகவிடவில்லை. ஒவ்வொரு கேசட்டையும் பேண்டேஜ் துணியில் சுற்றி, எண்ணும் கடைசியாக ஓடிய தேதியும் எழுதிய சீட்டோடு ஷூ டப்பாவில் அடுக்கியிருந்தான். தெருவில் மற்றவர்களுடைய பெட்டியெல்லாம் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டன.

இருபத்துநான்காவது, இருவர் சேர்ந்து ஒரு கோட்டையைக் காக்கும் டாங்கி ஆட்டம். பென்சன் கோட்டையை விட்டு நகரமாட்டான். ஊர் சுற்றுவது ரெனிட்டா.

"சாகக் கெடக்குத மனுசன் பக்கத்துல ஜெபம் பண்ணாம கேம் போட்டுக்கிட்டு இருக்க," என்றாள் பென்சனின் மனைவி அருள்செல்வி.

"அவிய கேட்டதுதான மைனி."

"எங்கிட்ட தண்ணிகூடக் கேக்கல."

பென்சன் மெல்லக் கையைத் தூக்கி நான்கு விரல்களைக் காட்டினான். ரெனிட்டா நான்காவது கேசட்டைப் போட்டாள். அவன் தலையை ஆட்டி, லேசாகச் சிரித்து, கண்ணை மூடிக்கொண்டான். சாயங்காலம் மூச்சு நின்றது.

மறுநாள் உடலைச் சவப்பெட்டியில் வைத்தபோது தலை இடப்பக்கம் சாய்ந்தது. நேராக்க நேராக்கச் சாய்ந்தது. மில்லில் கூட வேலை பார்த்த ஆண்டிச்சாமி பையிலிருந்து பேண்டேஜ் துணியை எடுத்தார். இரண்டாக மடித்தார். இன்னொரு தரம் மடித்து, கன்னத்துக்கும் பலகைக்கும் நடுவே செருகினார்.

"நாலா மடிச்சா ஆடாது. தறிக்கு அடியில அண்டக் குடுக்க அவன் சொல்லிக் குடுத்ததுதான்."

தலை நிமிர்ந்தது. ரெனிட்டா துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியதும் இருபத்துநான்காவது கேசட்டைச் செருகி, பக்கவாட்டில் குனிந்து பார்த்தாள். அது மயிரிழை அளவு பின்னால் சாய்ந்து நின்றது. சாய்ந்தால் பற்கள் உள்ளே இருக்கும் கம்பிகளைத் தொடாது. இந்தக் கேசட்டோடு இருந்து, முந்தின நாள் தூசித் துணி என்று அவள் ஒதுக்கிய துண்டு டப்பாவின் மூலையில் கிடந்தது. நான்காக மடிந்த தடம் அதில் அப்படியே இருந்தது. அதே தடத்தில் மடித்து, கேசட்டுக்குப் பின்னால் செருகிப் பட்டனைத் தட்டினாள்.

அருள்செல்வி வாசலில் வந்து நின்றாள். "ஓடுதா?" என்று கேட்டாள்.

ரெனிட்டா ஆட்டத்தின் இரண்டாவது ரிமோட்டை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, சீட்டில் அண்ணன் எழுதிய தேதிக்குக் கீழே இன்றைய தேதியைப் போட்டு எழுதினாள்:

'பின்பக்கம் பேண்டேஜ் துணி, நாலு மடிப்பு. ஓடுகிறது.'