பந்தைக் காணவில்லை

இளங்கீரனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவன் கலியாண வீடியோக்காரன். வாரநாட்களில் டண்டினொங்கில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவான். சனி, ஞாயிறில் மெல்பேர்ன் தமிழ்ச் சனத்தின் கலியாணங்களுக்கும் பெண்பிள்ளைகளின் சாமத்திய வீடுகளுக்கும் கமராவைத் தூக்கிக்கொண்டு போவான். மண்டபத்தில் ஐந்நூறு பேர் நின்றாலும் அவனுடைய கமரா கலியாணப் பொம்பிளையின் முகத்தை விட்டு இறங்காது. தாலி ஏறும்போது ஊரே தாலியைப் பார்க்கும். இளங்கீரன் கண்ணைப் பார்ப்பான். அந்தக் கண் எந்தக் கணத்தில் கலங்கும் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரியும். அதற்காகத்தான் சனம் அவனைத் தேடி வருகிறது.

அப்பேர்ப்பட்ட ஆளை ஜூலை மாதத்து ஞாயிறு காலையில், பனிப்புகார் மூடிய மைதானத்தில், கோல் கம்பத்துக்குப் பின்னால் ஓர் இரும்பு மேடையில் ஏற்றிவிட்டு அமெரிக்கன் ஃபுட்போல் எடு என்றால் என்ன நடக்கும்? அதுதான் நடந்தது.

உள்ளூர்ப் பெண்கள் அணி ஒன்றுக்கு வழமையாக வீடியோ எடுக்கிற பெடியன் வேலை மாறி பிரிஸ்பேனுக்குப் போய்விட்டான். பயிற்சியாளர் அக்ஷரா, தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கென்று சிட்னிக்கு, ஸ்ட்ராத்ஃபீல்டுக்குப் போயிருந்தார். சீசன் தொடங்க முந்திய முதல் பயிற்சி ஆட்டம் அது. "நான் திரும்பி வந்து வீடியோவைப் பார்த்துத்தான் முடிவு பண்ணுவேன். ஸ்கோரை யாரும் எனக்குச் சொல்லாதீங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினார். முடிவெடுக்க வேண்டியது ஒரேயொரு விசயம். இந்த வருடம் அந்தப் பெண்கள் அணியின் குவாட்டர்பேக் யார்? இரண்டு வருடமாக ஆடுகிற மெலிஸாவா, நாலு மாதத்துக்கு முன் சேர்ந்த சிவாஜினியா?

குவாட்டர்பேக் என்றால் அணியின் மூளை. பந்து முதலில் அவள் கைக்குத்தான் வரும். எதிராளிகள் பாய்ந்து வந்து விழுத்துவதற்குள், மூன்று நாலு செக்கனில், தூரத்தில் ஓடுகிறவர்களில் யாருக்கு எறிவது என்று பார்த்து எறிய வேண்டும். சிவாஜினிக்கு வயது முப்பத்துநாலு. பகலில் ஒரு தொழிற்சாலையில் உறைந்த பட்டாணி பொதி செய்கிறாள். இலங்கையில், பள்ளிக்கூடத்தில் எல்லே என்ற மட்டைப்பந்து விளையாடிய கை. ஒருநாள் பூங்காவில் காலடிக்கு உருண்டு வந்த பந்தை எடுத்து எறிந்தாள். அது போன தூரத்தைப் பார்த்து அக்ஷரா ஓடிவந்து பேர் கேட்டார்.

அந்தச் சிவாஜினி இளங்கீரனின் மனைவி. இப்போது விளங்குகிறதா?

மேடையில் ஏறிய அவசரத்தில் ஜக்கற்றைக் காரிலேயே விட்டுவிட்டான். குளிர் எலும்புக்குள் இறங்கியது. கீழே புகார் பால்போல மிதந்தது. அதற்குள் இருந்து ஹெல்மெற் போட்ட உருவங்கள் வருவதும் மறைவதுமாக இருந்தன. கூப்பிடு சத்தம் எங்கோ தொலைவில் கேட்டது. ஒரே பக்கம் நோக்கி, அவன் நின்ற பக்கம் நோக்கித்தான் ஆடினார்கள். ஹெல்மெற்றின் கம்பிகளுக்குப் பின்னால் சிவாஜினியின் முகம் மெல்ல மெல்லத் தெளிந்து வந்தது. இளங்கீரன் தன்னை அறியாமல் லென்ஸைத் திருகிக் கிட்ட இழுத்தான். மூச்சு ஆவியாகப் போவதும், உதட்டைக் கடிப்பதும், கண் அங்குமிங்கும் போவதும்... அட, இவள் இவ்வளவு வடிவா? பன்னிரண்டு வருடம் ஒரு வீட்டில் இருந்தும் இந்த முகத்தை அவன் கண்டதில்லை. அவள் கையை விட்டுப் பந்து போனது. போகட்டும். அவன் முகத்தோடேயே நின்றான்.

ஆட்டம் முடிந்து அவன் இறங்கி வந்தபோது சிவாஜினி கார்க் கதவைத் திறந்து ஜக்கற்றை எடுத்து அவன் மேல் எறிந்தாள். அவள் பத்தொன்பது தரம் பந்தை எறிந்ததில் பிடிபட்டது எட்டு. இரண்டை எதிரணி பறித்துவிட்டது. வேலியோரம் நின்றவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு போனார்கள்.

அடுத்த நாள் பின்னேரம் வேலை முடிந்து வந்து, தேத்தண்ணியோடு கணினிக்கு முன் குந்தினான் இளங்கீரன். வீடியோ ஓடத் தொடங்கியது. முகம். பிறகும் முகம். ஒரு முழு நிமிடம் அவளுடைய கண்ணிமை. பந்து எங்கே? யார் ஓடினார்கள், எங்கே விழுந்தது, யார் தவறவிட்டார்கள், ஒன்றுமில்லை. மெலிஸா எறிந்ததெல்லாம் ஒழுங்காக, அகலமாக, மைதானம் முழுக்கத் தெரிய இருந்தது. மனைவியின் முறை வந்தவுடன் மாத்திரம் கலியாண வீடு!

சொல்லாமல் இருக்க முடியாது. குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றவளிடம் போனான்.

"இஞ்சரும், ஒரு விசயம். கத்தாதையும்."

"கத்தாதையும் எண்டு தொடங்கினாலே எனக்குத் தெரியும். என்ன செய்துபோட்டியள்?"

சொன்னான். அவள் கைகூடத் துடைக்காமல் வந்து திரையைப் பார்த்தாள். இரண்டு நிமிடம் பார்த்தாள்.

"உங்களுக்கென்ன விசரே? நான் என்ன கலியாணப் பொம்பிளையே, முகத்தையே எடுத்துக்கொண்டு நிக்கிறதுக்கு? பந்து எங்கயப்பா?"

"பந்தைக் காணேல்லை."

"பிடிபட்ட எட்டில ரெண்டு, நாப்பது யார்ட் தூரம் போனது. ஆர் நம்பப் போயினம்? மெலிஸாவின்ர எல்லாம் வடிவாத் தெரியுது. என்ர மட்டும்..." புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "வேலையில கெஞ்சிக் கூத்தாடி ஞாயிறு லீவு வாங்கினனான். இந்த ஒரு சீசனுக்குத்தான் தருவினம். அடுத்த வருசம் எனக்கு முப்பத்தஞ்சு. இஞ்ச வந்தாப் பிறகு எனக்கெண்டு நான் ஆசைப்பட்ட ஒரே ஒண்டு இது. உங்களுக்கு அது விளங்கேல்லை."

அவள் அழுதது வெங்காயத்தால் இல்லை. இளங்கீரன் அவளைத் தொடவும் துணிவு வராமல் கணினிக்குப் பக்கத்திலேயே நின்றான்.

செவ்வாய் பின்னேரம், சிட்னியிலிருந்து திரும்பிவிட்ட அக்ஷராவின் கிரெய்கிபர்ன் வீட்டுக்கு இருவரும் போனார்கள். வழிநெடுக அவள் கார்க் கண்ணாடிக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள். இளங்கீரனுக்குத் தங்கள் கலியாணம் ஞாபகம் வந்தது. கொழும்பில் ஒரு மண்டபம். "பொம்பிளை, மாப்பிளையைப் பாருங்கோ! ஒருக்காப் பாருங்கோ!" என்று வீடியோக்காரன் தொண்டை கிழியக் கத்தினான். குனிந்த தலை நிமிரவேயில்லை. அல்பத்தில் இருநூறு படம். ஒன்றில்கூட அவள் அவனைப் பார்க்கவில்லை. அதை இன்றுவரை பகிடியாகத்தான் சொல்லி வந்தான். உள்ளுக்குள் அது அவனுக்கு ஒரு குறைதான்.

அக்ஷரா சென்னைக்காரி. டெக்ஸாஸில் பத்து வருடம் மென்பொருள் வேலை பார்த்தபோது இந்த விளையாட்டுப் பைத்தியம் பிடித்தது. கோப்பி கொடுத்து, இருத்திவிட்டு, பெரிய தொலைக்காட்சியில் வீடியோவைப் போட்டார்.

"மேடம், முதல்லயே சொல்லிப்போடுறன். பிழை என்ரதான்" என்று இளங்கீரன் எழும்பினான்.

"உக்காருங்க, பாக்கலாம்."

திரையில் பனிப்புகார் அசைந்தது. சிவாஜினியின் முகம் சுவர் அளவுக்கு வந்தது. அக்ஷரா முகம் சுளித்தார். "என்ன இது, ஒரே குளோஸப்பா இருக்கு?" வேகமாக ஓட்டப் போன விரல் சட்டென்று நின்றது. பின்னால் இழுத்து வேகத்தைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். தண்ணீருக்குள் நடப்பதுபோல எல்லாம் மெல்ல நகர்ந்தது. சிவாஜினியின் கண் வலப்பக்கம் தூரத்துக்குப் போனது. அங்கே ஆள் மறிக்கப்பட்டிருக்க வேண்டும், நடுவுக்கு வந்தது. அங்கும் இல்லை, இடப்பக்கம் போனது. பிறகுதான் தோள் அசைந்தது. அந்த நேரம் முழுக்க, அவளை விழுத்த ஓடி வந்த பெண்ணின் நிழல் சட்டகத்தின் ஓரத்தில் பெருத்துக்கொண்டே வந்தது. கண் அந்தப் பக்கம் ஒருதரமும் திரும்பவில்லை.

பத்தொன்பது எறியையும் அக்ஷரா அப்படியே பார்த்தார். வெளியே வெளிச்சம் மெல்ல மங்கியது. அறை முழுக்க அந்தக் கண்கள்தான். இளங்கீரன் தன் வீட்டுக்காரியை ஏதோ கனவில் காண்பவன்போல வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"பந்து எங்க விழுந்துச்சுன்னு கிரவுண்டுல நின்னவங்களைக் கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்" என்றார் அக்ஷரா கடைசியில். "ஆனா குவாட்டர்பேக்கோட கண்ணை இதுவரைக்கும் யாரும் எனக்கு எடுத்துக் குடுத்ததில்ல. மெலிஸா பந்து கைக்கு வந்த உடனே ஒரே ஆளைத்தான் பாப்பா, நான் பக்கத்துல நின்னே பாத்திருக்கேன். சிவாஜினி, நீங்க நாலு மாசத்துலயே மூணு பேரைப் பாக்கிறீங்க. கை இன்னும் பழகணும். அது பழகிடும்."

சிவாஜினி அப்போதுதான் ஆறிப்போன கோப்பியைக் கையில் எடுத்தாள்.

"ஆனா ரெண்டு தடவை மட்டும் என்னமோ நடக்குது." அக்ஷரா ஏழாவது எறியைத் திரும்பப் போட்டார். வலம், நடு... பிறகு அந்தக் கண் மேலே நிமிர்ந்தது. திரைக்குள் இருந்து நேரே இளங்கீரனைப் பார்த்தது. ஒரு முழு செக்கன். அதன் பிறகு பதறி எறிந்தாள். பதின்மூன்றாவது எறியிலும் அதே மாதிரி. "இந்த ரெண்டையும் அவங்க புடுங்கிட்டாங்களா?"

சிவாஜினி தலையைக் குனிந்தாள். கலியாணத்தன்று குனிந்த அதே குனிவு.

"கேமராவைப் பாத்தீங்களா?"

"இல்லை... இவரைப் பாத்தனான்." குரல் அடங்கிப்போனது. "ஜக்கற் போடாமல் நிண்டவர். நாலு டிகிரிக் குளிர். குளிர் பட்டா இவருக்கு நெஞ்சில சளி கட்டிரும். முதல் தரம் அதைத்தான் கண்டனான்."

"ரெண்டாவது தரம்?"

"போட்டிட்டாரோ எண்டு பாத்தனான்."

அக்ஷரா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி. முதல் மேட்ச்சுல சிவாஜினிதான். ஒரே ஒரு கண்டிஷன். இளங்கீரன், நீங்க அந்த மேடையில ஏறக் கூடாது. கிரவுண்டுலயே அவங்க கண்ணுல படக் கூடாது. சம்மதமா?"

இளங்கீரன் திரும்பித் தொலைக்காட்சியைப் பார்த்தான். திரையில் அந்தப் பார்வை அப்படியே நிறுத்தப்பட்டு நின்றது. பன்னிரண்டு வருடமாகக் காத்திருந்த பார்வை. அது கிடைத்த இடத்தில் அவள் பந்தைப் பறிகொடுத்திருக்கிறாள்.

"ஓம்" என்றான். "ஓம், மேடம். நான் நிக்கமாட்டன்."

முதல் ஆட்டத்தன்று வெயில் நன்றாகவே எறித்தது. வேறு யாரோ மேடையில் ஏறிப் பந்தைத் துரத்தித் துரத்திப் படம் எடுத்தார்கள். இளங்கீரன் சொன்ன சொல் தவறாமல் உடைமாற்றும் கட்டடத்துக்குப் பின்னால், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், தனியாக நின்றான். அங்கிருந்து மைதானத்தில் ஒரு புல்லுக்கூடத் தெரியாது.

விசில் ஊதுவதற்குக் கொஞ்சம் முன் தோள்பட்டைக் கவசமும் கையில் ஹெல்மெற்றுமாகச் சிவாஜினி மூலையைச் சுற்றி ஓடி வந்தாள். அவன் போட்டிருந்த ஜக்கற்றைப் பிடித்து, சிப்பைத் தொண்டை வரைக்கும் இழுத்துப் பூட்டினாள்.

"வெயிலடிக்குதப்பா, வேர்க்குது" என்றான்.

"வேர்க்கட்டும். கழட்டாதையுங்கோ. இனி நான் பாக்கத் தேவையில்லை."

போனாள். கொஞ்ச நேரத்தில் கட்டடத்துக்கு மறுபக்கம் எல்லாம் அடங்கியது. பிறகு சனம் ஒரேயடியாக ஓவென்று கத்தியது. யாருக்காகக் கத்துகிறார்கள் என்று இளங்கீரனுக்குத் தெரியாது. எட்டிப் பார்க்க உயிர் போகிற ஆசை வந்தது. பார்க்கவில்லை. கண்ணீரும் வேர்வையும் ஒன்றாக வழிய, சிப்பில் கை வைத்தபடி அங்கேயே நின்றான்.